ஏரிக்கரை ஓவியர்: வாசகர் கேள்வியும் டீச்சர் பதிலும்

சென்ற மாதம் ஒரு பதிலில், "பிலிப்பைன்ஸில் அங்கோனோ என்று ஒரு ஊர். அங்கே பிறந்த ஒரு ஓவியர் ஊரை விட்டுப் போகாமல் இருந்தார். அப்புறம் ஊரே ஓவியர்களின் ஊராகிவிட்டது" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அவர் பேச்சுத்தான். எனக்கும் அவரைப் பற்றிச் சொல்ல ரொம்ப நாளாக ஆசை.

டீச்சர், யார் அந்த ஓவியர்? பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! உங்களுக்கு அவரை எப்படித் தெரியும்?
*– வாசகி, கும்பகோணம்*

பெயர் கார்லோஸ் பிரான்சிஸ்கோ. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் அங்கோனோவில் ஒரு நொடி யோசிப்பார்கள். 'போத்தோங்' என்றால் சின்னப் பையன்கூடக் கையை நீட்டி வழி காட்டுவான். அது அவருடைய செல்லப்பெயர். பள்ளிப் பாடப்புத்தகம், அருங்காட்சியகம், அரசாங்கப் பட்டயம் எல்லாவற்றிலும் அந்தச் செல்லப்பெயர் சேர்ந்தேதான் வரும்.

1912 நவம்பர் 4 அன்று அங்கோனோவில் பிறந்தார். 1969 மார்ச் 31 அன்று காலமானார். 56 வயதுதான். இறந்து நான்கு வருடம் கழித்து, 1973இல், ஓவியத்துக்கான 'தேசியக் கலைஞர்' பட்டம் தந்தார்கள். அந்த நாட்டில் கலைஞருக்குத் தரும் மிகப் பெரிய மரியாதை அது. அதற்கு முந்தைய வருடம்தான் அந்தப் பட்டத்தையே தொடங்கினார்கள். முதலில் வாங்கியவர் பெர்னாண்டோ அமோர்சோலோ. அவரும் ஓவியர்தான். அவரைப் பற்றிக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அத்தான் நெல் விஞ்ஞானி. லோஸ் பான்யோஸ் ஊரில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தார். 2018 நவம்பரில் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். லகுனா தெ பை என்கிற ஏரியின் தென்கரையில் இருக்கிறது அந்த ஊர். பிலிப்பைன்ஸிலேயே பெரிய ஏரி அதுதான். ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர். காலையில் கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. தண்ணீரும், மூங்கில் நட்டுக் கட்டிய மீன் தடுப்புகளும், அதற்கு மேலே நீலமாக ஒரு மலைக்கோடும்தான் தெரியும். "அந்தப் பக்கம் அங்கோனோன்னு ஒரு ஊர் இருக்கு. நீ படம் போடறவளாச்சே, பார்க்காம போகாதே" என்றாள் அக்கா. 31 வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

ஓவியராக வேண்டும் என்றால் சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். அவர் சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு எப்படிப் பெரிய ஓவியர் ஆனார்? மணிலாவுக்கே போகவில்லையா?
*– கவின்கலை மாணவர், சங்கரன்கோவில்*

போனார் தம்பி, நிறையப் போனார். அதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகச் சொன்னால் உங்களைத் தவறான வழியில் விட்டதாகிவிடும்.

படித்தது மணிலாவில், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பள்ளியில். பட்டம் வாங்கும்வரை இருக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்குப் படம் போடப் போய்விட்டார். அப்போது மணிலாவில் விக்டோரியோ எடாடெஸ் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் படித்துவிட்டு 1928இல் திரும்பி வந்து, நவீன ஓவியம் என்று கண்காட்சி வைத்து ஊரையே கலக்கியவர். அவர் போத்தோங்கையும் காலோ ஒகாம்போவையும் சேர்த்துக்கொண்டார். மூன்று பேருமாக மணிலா எஸ்கோல்டா வீதியில் புதிதாகக் கட்டிய கேப்பிட்டல் திரையரங்குக்கு 1935இல் ஒரு பெரிய சுவரோவியம் வரைந்தார்கள். அது இப்போது இல்லை. ஆனால் போத்தோங்குக்குப் 'பெரிய சுவர்' என்றால் என்ன என்று தெரிந்தது அங்கேதான். பிறகு எடாடெஸ் கூப்பிட்டு சாண்டோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலையும் கொடுத்தார்.

ஆக, தொழில் கற்றுக்கொண்டது நகரத்தில். சம்பளம் வந்ததும் நகரத்திலிருந்துதான். ஆனால் வீடும் ஓவியக்கூடமும் அங்கோனோவில். மணிலாவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இன்றைக்கு ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில் போனாலே நெரிசலில் இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது எனக்கு. அவர் காலத்துச் சாலையை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். அவருடைய படங்களில் வருகிற மனிதர்கள் யார்? வலை இழுப்பவர், நெல் நடுபவர், திருவிழாவில் ஆடுபவர், மூங்கில் வீட்டை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். இந்தக் கடைசி வழக்கத்துக்கு அங்கே 'பயானிஹான்' என்று பெயர். ஒரு குடும்பம் இடம் மாறினால் ஊரே வந்து வீட்டைத் தூக்கிக் கொடுக்கும். இதையெல்லாம் அவர் புத்தகத்தில் பார்த்து வரையவில்லை. ஏரிக்கரையில் தினமும் பார்த்த உடம்புகள் அவை. சரித்திரப் படத்தில் அரசனும் வீரனும் தேவைப்பட்டபோதும் அதே உடம்புகளைத்தான் கொண்டுவந்து நிறுத்தினார். மணிலாவின் பெரிய கட்டடங்களுக்குள் அங்கோனோக்காரர்கள் நுழைந்தது அப்படித்தான்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால்: கற்றுக்கொள்ளப் போங்கள். எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருங்கள். ஆனால் சங்கரன்கோவிலில் ஒரு அறையைக் காலி செய்யாமல் வைத்திருங்கள்.

அமோர்சோலோவின் ஓவியங்களை இணையத்தில் பார்த்தேன், மிக அழகு. போத்தோங்கின் ஓவியங்கள் எனக்குத் தட்டையாகத் தெரிகின்றன. ஆழமே இல்லையே?
*– வாசகர், கோயம்புத்தூர்*

நல்ல கண் உங்களுக்கு. தட்டையாகத்தான் இருக்கும். வேண்டுமென்றே அப்படி வரைந்தார்.

அமோர்சோலோவின் பலமே வெயில். வயலில் நிற்கும் பெண்ணின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்து முந்தானை ஓரமெல்லாம் மின்னும். நாமும் அந்த வெயிலில் நிற்பது போலிருக்கும். போத்தோங் படித்த காலத்தில் மணிலாவில் அந்தப் பாணிதான் ராஜா. அந்தப் பள்ளியில் பாடம் நடத்தியவர்களில் அமோர்சோலோவும் ஒருவர்.

போத்தோங் வெயிலை விட்டுவிட்டுக் கோட்டைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கோடு நேராகப் போகாது. பாம்பு நெளிவது போல வளைந்து வளைந்து ஒரு மனிதனிலிருந்து அடுத்த மனிதனுக்குப் போகும். ஒருவன் தூக்கிய கை முடிகிற இடத்தில் இன்னொருவன் தோள் தொடங்கும். அங்கிருந்து குதிரையின் கழுத்து, கொடியின் மடிப்பு, புகை, மேகம் என்று போய்க்கொண்டே இருக்கும். தொலைவில் இருப்பவரைச் சின்னதாக்கிக் காட்டுகிற கணக்கை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பின்னால் இருப்பவரை மேலே தூக்கி வைத்துவிடுவார். அதனால் ஒரே சட்டத்துக்குள் நான்கைந்து சம்பவங்களை அடுக்க முடிகிறது. நடுவில் கோடு போட்டுப் பிரிப்பதும் கிடையாது. ஒரு புகைச் சுருள் வளைந்து வருகிறது, அந்தப் பக்கம் போனால் ஐம்பது வருடம் கடந்துவிட்டது!

அமோர்சோலோ பாணியில் ஆழம் கொடுத்து வரைந்திருந்தால் ஒரு படத்தில் ஒரு நேரம், ஒரு இடம்தான் வந்திருக்கும். ஒரு நாட்டின் கதையை ஒரே சுவரில் சொல்ல வேண்டியவருக்கு அது போதாது. இன்னொன்று, போன் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் பார்த்துவிட்டு, 'நிறம் கொஞ்சம் அதிகம்' என்று நினைத்தேன். நேரில் அந்த அளவில் பார்த்தபோது நடந்துகொண்டே படிக்க வேண்டியிருந்தது. பத்தடி நடந்து, நின்று, திரும்ப ஐந்தடி பின்னால் வந்து பார்த்தேன். நடக்கிறவருக்காக வரைந்த படங்கள் அவை.

1948இல் பிலிப்பைன்ஸ் கலைச் சங்கம் நடத்திய போட்டியில் அவருடைய 'காயிங்கின்' முதல் பரிசு வாங்கியது. காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்கிற முறைக்குத்தான் அங்கே காயிங்கின் என்று பெயர். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். தட்டை என்பது குறையில்லை என்று உங்களுக்கே தோன்றும்.

அவருடைய முக்கியமான ஓவியங்களை எங்கே பார்க்கலாம்? அடுத்த வருடம் வேலை விஷயமாக மணிலா போகிறேன்.
*– வாசகர், திருச்சி*

கொடுத்து வைத்தவர் நீங்கள். நேராகத் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நுழைவுக்கட்டணம் கிடையாது, 2016லிருந்து இலவசம். ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். திங்கள் தவிர்த்து வேறு நாளாக வைத்துக்கொண்டால் நல்லது.

அங்கே இரண்டு பெரிய வேலைகள். ஒன்று, 'பிலிப்பைன்ஸில் மருத்துவத்தின் வளர்ச்சி'. 1953இல் வரைந்தது, நான்கு பெரிய கேன்வாஸ்கள். பழங்குடி வைத்தியத்தில் ஆரம்பித்து, ஸ்பானியர் காலம், அமெரிக்கர் காலம் வழியாக நவீன மருத்துவம் வரை வருகிறது. இதை அவர் அருங்காட்சியகத்துக்காக வரையவில்லை. பிலிப்பைன்ஸ் பொது மருத்துவமனையின் நுழைவுக்கூடத்தில் மாட்டுவதற்காக வரைந்தார். ஏழை எளியவர்கள் வந்து காத்திருக்கும் அரசு மருத்துவமனை அது. அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு வந்த எத்தனை தாய்மார்கள் அதன் அடியில் உட்கார்ந்திருப்பார்கள்! 2011இல் தேசியப் பண்பாட்டுச் செல்வம் என்று அறிவித்து, பத்திரமாக இருக்கட்டும் என்று அருங்காட்சியகத்துக்கு மாற்றினார்கள். மருத்துவமனையில் இப்போது நகல் இருக்கிறது. மாற்றியது சரிதான், ஈரமும் கூட்டமும் ஓவியத்துக்கு ஆகாது. ஆனாலும் குளிர்பதன அறையில் அந்தப் படங்களுக்கு முன்னால் நான் தனியாக நின்றபோது, அந்த நோயாளிக் கூட்டம் இல்லாதது எனக்கு ஒரு குறையாகத்தான் இருந்தது.

இன்னொன்று, 'வரலாற்றினூடே பிலிப்பினோவின் போராட்டங்கள்'. 1960களில் மணிலா மேயராக இருந்த அந்தோனியோ வியேகாஸ் கேட்டு, மாநகராட்சிக் கட்டடத்துக்காக வரைந்தது. வரிசையாக வைத்தால் ஏறக்குறைய 79 மீட்டர் நீளம். இன்று மணிலாவின் ஒரு பகுதியாக இருக்கும் தொண்டோவின் பழைய ராஜாக்களில் தொடங்கி, ஸ்பானியர் வருகை, புரட்சி, அமெரிக்க ஆட்சி என்று நீள்கிறது. நடுவில் ஆந்த்ரேஸ் போனிபாசியோ வருவார். 1892இல் கத்திபுனான் என்கிற ரகசியப் புரட்சி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். கையில் வெட்டரிவாளை ஓங்கிக்கொண்டு அவர் பாய்கிற அந்தக் காட்சிக்கு முன்னால்தான் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். 'இதைப் பார்த்திருக்கோமே' என்கிற முகம் எல்லோருக்கும். இந்த ஓவியம் 1996இலேயே தேசியப் பண்பாட்டுச் செல்வம் ஆகிவிட்டது.

நேரம் இருந்தால் கேசோன் சிட்டியில் சாண்டோ தொமிங்கோ தேவாலயத்துக்கும் போங்கள். புனித தோமினிக்கின் வாழ்க்கையை அங்கே மேலே வரைந்திருக்கிறார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், முன்பு சொன்னேனே, அந்தக் காலோ ஒகாம்போ செய்தவை. இளம் வயதில் ஒரே சாரத்தில் ஏறிய நண்பர்கள், இருபது வருடம் கழித்து ஒரே கூரைக்கடியில்.

அவர் சினிமாவிலும் வேலை பார்த்தார் என்று ஒரு குறிப்பில் படித்தேன். உண்மையா?
*– வாசகி, ஈரோடு*

உண்மைதான். இயக்குநர் மனுவேல் கோண்டேயின் நெருங்கிய கூட்டாளி அவர். 1950இல் வந்த 'செங்கிஸ் கான்' படத்துக்குத் திரைக்கதையிலும் காட்சி வடிவமைப்பிலும் போத்தோங்கின் கை இருக்கிறது. 1952 வெனிஸ் திரைப்பட விழா வரை போன படம். உடை, ஆயுதம், கூட்டத்தை எப்படி நிறுத்துவது என்று சினிமாவுக்காக யோசித்தது, பின்னால் வந்த சுவரோவியங்களில் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அங்கோனோவில் ஆதிகாலப் பாறைச் செதுக்கல்கள் இருக்கின்றனவாமே. அதற்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?
*– தொல்லியல் ஆர்வலர், மதுரை*

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்!

அதைக் கண்டுபிடித்ததே இவர்தான். 1965இல் சாரணர் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடைபயணம் போயிருக்கிறார். அங்கோனோவும் பினாங்கோனானும் சந்திக்கிற எல்லையில் ஒரு பாறை மறைவிடம். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான பாறை. அதன் சுவரில் சின்னச் சின்ன உருவங்கள் கீறியிருப்பது அவர் கண்ணில் பட்டது. தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொன்னார். ஆய்வாளர்கள் வந்தார்கள். எண்ணியதில் 127 உருவங்கள். மனிதர்கள், விலங்குகள். வட்டமாக ஒரு தலை, அதற்குக் கீழே ஒரு முக்கோணமோ சதுரமோ உடம்பு, கோடு கோடாகக் கை கால். கிறிஸ்துவுக்கு முன் 2000க்கும் முந்தியவை என்கிறார்கள். அந்த நாட்டில் தெரிந்தவற்றுள் மிகப் பழைய ஓவிய வேலை இதுதான்.

நானும் போனேன். சுரங்கப்பாதை ஒன்றின் வழியாக நடந்து அந்தப் பக்கம் வெளியே வந்தால் பாறை. மரத்தளத்தில் நின்று பார்க்க வேண்டும், தொடக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெறும் பாறைக் கீறல்தான். அங்கிருந்த காவலர் விரலை நீட்டி ஒன்றைக் காட்டினார். அப்புறம் கண் பழகி ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சின்ன வகுப்புப் பிள்ளைகள் முதல் நாள் வரைகிற அதே 'மனுசன்'.

பையன்களை மேய்த்துக்கொண்டு மலையேறுகிற ஒருவர், போகிற வழியில் இதைக் கவனித்திருக்கிறார் என்றால், அவர் ஓவியர் என்பதால்தான். அந்தப் பக்கம் விறகுக்கும் வேட்டைக்கும் எத்தனையோ பேர் அதற்கு முன்னால் போயிருப்பார்கள்.

அவருக்குப் பிறகு அந்த ஊர் என்ன ஆயிற்று? ஒருவர் போனதும் எல்லாம் முடிந்துவிடுகிறதே, எங்கள் ஊரில் அப்படித்தான் ஆனது.
*– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், காரைக்குடி*

அங்கே முடியவில்லை ஐயா.

அவர் வாழ்ந்த தெருவில் நடந்தேன். வீட்டுச் சுவர்கள், மதில்கள் எல்லாவற்றிலும் அவருடைய ஓவியங்களைப் புடைப்புச் சிற்பமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். துணி காய்கிற கொடிக்கு அடியில் சரித்திரம் போகிறது. ஒரு பாட்டி அதன் மேல் சாய்ந்துகொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்த்து வளர்ந்தவர்களில் ஹோசே பிளாங்கோ முக்கியமானவர், 1932இல் பிறந்தவர். மீன் பிடிப்பதையும் திருவிழாவையும் ஆளுயரத்துக்கும் மேலே பெரிது பெரிதாக வரைந்தார். கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு முகமும் தனித்தனியாக ஊர்க்காரர் முகம். மனைவியையும் ஏழு பிள்ளைகளையும் ஓவியர்களாக்கினார். அந்தக் குடும்பத்துக்கு ஊரிலேயே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. போத்தோங்கின் பேரனும் ஓவியர். இசைக்கான தேசியக் கலைஞர் லூசியோ சான் பெத்ரோவும் இந்த ஊர்க்காரர், போத்தோங்கின் உறவினர். ஒரு சின்ன ஊரில் இரண்டு தேசியக் கலைஞர்கள்!

நான் போனது நவம்பர் 23, ஊரின் காவல் புனிதரான சான் கிளமென்டே விழா நாள். பத்தடி, பன்னிரண்டடி உயரத்துக்குக் காகிதக்கூழ் பொம்மைகள், 'ஹிகாந்தே' என்கிறார்கள். உள்ளே ஆள் நுழைந்து தூக்கிக்கொண்டு ஆடுகிறார். ஸ்பானியர் காலத்தில் பண்ணை முதலாளிகளைக் கேலி செய்ய ஆரம்பித்தது என்பது ஊரில் சொல்கிற கதை. மரச்செருப்புப் போட்டுத் துடுப்பு ஏந்திய பெண்கள் வரிசையாக நடக்கிறார்கள். புனிதரின் சிலையைத் தோளில் சுமந்து ஏரிக்குக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றுகிறார்கள். வழியெல்லாம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். என் ஓவிய நோட்டு முழுவதும் நனைந்துவிட்டது. போத்தோங் படத்தில் பார்த்த நெளிந்த கோடு நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சுமக்கிற கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் மறு பக்கம் தாங்குகிறது. அந்த வளைவை அவர் கண்டுபிடிக்கவில்லை, வருடா வருடம் பார்த்திருக்கிறார்.

இவருடைய ஓவியத்தைப் பார்த்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்றால் எதிலிருந்து ஆரம்பிப்பது, டீச்சர்?
*– பத்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்*

'மக்புபூகோட்' என்ற ஓவியம் மா. 1957இல் வரைந்தது. மீனவர்கள் சேர்ந்து வலை இழுக்கும் காட்சி. உங்கள் ஊர்ப் பக்கமும் கரைவலை இழுப்பார்கள், பார்த்திருப்பாய்.

முகத்தையும் நிறத்தையும் இப்போதைக்கு விட்டுவிடு. கயிற்றிலிருந்து ஆரம்பி. கயிறு கைக்கு வருகிறது, கையிலிருந்து தோள், தோளிலிருந்து முதுகு, முதுகிலிருந்து மணலில் ஊன்றிய குதிகால். பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைந்து பார். பத்துத் தடவை வராது, பதினொன்றாவது வரும். ரப்பர் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைக்குப் போய், நிஜமாக வலை இழுப்பவர்களைப் பார்த்து அதே மாதிரி வரைந்து, இரண்டையும் எனக்கு அனுப்பு. கடற்கரையில் வரைந்ததைத்தான் முதலில் பார்ப்பேன்.